மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவுட்லுக், தண்டர்பேர்டு, ஆப்பிள் மெயில், போனோடு வரும் மெயில் ஆப் என்று எதைப் பயன்படுத்தினாலும் என்றாவது ஒரு நாள் இந்தத் தலைவலி வந்தே தீரும். இன்பாக்ஸில் மெயில்கள் வழக்கம்போல் வந்து விழும். நாம் எழுதியது மட்டும் அவுட்பாக்ஸை விட்டு அசையாது. திரையில் ஒரு பெட்டி தோன்றும், அதில் ஏதோ ஒரு எண் இருக்கும், படிக்காமலேயே ‘ஓகே’யை அழுத்திவிடுவோம். அலுவலகத்திலும் சொந்தபந்தங்களிடமும் இந்தக் கோளாறைப் பார்த்துக் கொடுத்ததில், திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பதில் அந்தப் பெட்டியிலேயே இருந்தது.

மெயில் வருகிறதே, அனுப்ப மட்டும் எப்படி முடியாமல் போகும்? இன்டர்நெட் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இன்டர்நெட் இருக்கிறது, சரி. ஆனால் வருவதும் போவதும் ஒரே வழியில் நடப்பதில்லை. நமக்கு வந்த தபால் வீட்டு வாசல் பெட்டியில் விழுகிறது. நாம் எழுதியதைப் போட வேறொரு பெட்டியைத் தேடிப் போகிறோம் அல்லவா, அதே கதைதான். மெயிலை வாங்கி வருவது ஐமேப் அல்லது பாப் என்ற முறை. அனுப்புவது எஸ்எம்டிபி என்ற தனி முறை. சர்வர் பெயர் தனி, போர்ட் எண் (சர்வரில் எந்த வாசலைத் தட்டுவது என்று சொல்லும் எண்) தனி, பல நிரல்களில் (அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருள்களில்) பாஸ்வேர்டைக் கூட இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சேமித்து வைத்திருப்பார்கள்.

நான் அதிகம் பார்த்த கோளாறு இங்கேதான் பிறக்கிறது. பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். நிரல் புதிய பாஸ்வேர்டைக் கேட்டிருக்கும், கொடுத்திருப்பார்கள், மெயில் வரத் தொடங்கியிருக்கும். அனுப்பும் பக்கத்தில் பழைய பாஸ்வேர்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அவசரமாக ஒன்றை அனுப்பப் போகும்போதுதான் தெரியும்.

தண்டர்பேர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அக்கவுண்ட் செட்டிங்ஸில் இடப்பக்கம் உங்கள் அக்கவுண்டுகள் வரிசையாக இருக்கும். அனுப்பும் சர்வர்கள் மட்டும் அந்தப் பட்டியலின் அடியில் தனித் தலைப்பாக ஒதுங்கியிருக்கும். மூன்று அக்கவுண்ட் வைத்திருப்பவர் ஒன்றின் அனுப்பும் சர்வரை நீக்கிவிட்டால், மற்றொரு அக்கவுண்ட் அனாதையாகிவிடும், அல்லது சம்பந்தமில்லாத சர்வர் வழியாக அனுப்பப் பார்க்கும். அங்கே போய் எந்த அக்கவுண்டுக்கு எந்த சர்வர் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் பிரவுசரில் போய் அதே அக்கவுண்டைத் திறந்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். அங்கேயும் போகவில்லை என்றால் உங்கள் நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை. அக்கவுண்ட் நிரம்பியிருக்கலாம், முடக்கப்பட்டிருக்கலாம், சொந்த டொமைன் (முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) என்றால் புதுப்பிக்கும் தேதி தாண்டியிருக்கலாம். பிரவுசரில் போகிறது, நிரலில் போகவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, வைஃபையை விட்டுவிட்டு போனின் மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக வைத்து அதே கம்ப்யூட்டரில் முயன்று பாருங்கள். போனால் கோளாறு நெட்வொர்க்கில். அப்போதும் போகவில்லை என்றால் செட்டிங்ஸில்.

ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள்: அக்கவுண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. பாப் முறையில் மெயில் எடுப்பவர்களுக்குப் பழைய மெயில்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அனுப்பும் கோளாறைச் சரிசெய்கிறேன் என்று அக்கவுண்டை நீக்கினார். நீக்கும் பெட்டியில் ‘செய்திகளையும் அழி’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருந்தது, அதிலும் டிக் அடித்துவிட்டார். பல வருட மெயில் போயிற்று. கோளாறு என்னவோ கடைசியில் ஒரு போர்ட் எண்தான்.

பிழைச் செய்தியில் வரும் 535, 550 எண்களுக்கு என்ன அர்த்தம்?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

எஸ்எம்டிபி 1982-இல் எழுதிவைக்கப்பட்ட முறை. அடிப்படையில் அது ஓர் உரையாடல். உங்கள் நிரல் ஒரு வரி சொல்லும், சர்வர் மூன்று இலக்க எண்ணோடு பதில் சொல்லும். முதல் இலக்கம் 2 என்றால் சரி. 3 என்றால் ‘மேலே சொல்’. 4 என்றால் ‘இப்போது முடியாது, அப்புறம் வா’. 5 என்றால் ‘முடியாது, இப்படியே மறுபடி வராதே’.

ஒரு மெயில் ஒழுங்காகப் போகும்போது நடப்பது இது. இணைப்பு கிடைத்ததும் சர்வர் 220 என்று வரவேற்கிறது. நிரல் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது; சர்வர் 250 என்று சொல்லித் தனக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியல் போடுகிறது. என்கிரிப்ஷன் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) பேசி முடிந்ததும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போகின்றன, ஏற்றுக்கொண்டால் 235. ‘அனுப்புபவர் இவர்’ என்றால் 250. ‘பெறுபவர் இவர்’ என்றால் மறுபடி 250, பத்துப் பேர் இருந்தால் பத்து முறை. ‘உள்ளடக்கம் தரட்டுமா’ என்றால் 354. கடிதம் முழுவதும் போகிறது. முடிந்துவிட்டது என்று காட்ட, ஒரு தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு சர்வர் 250 சொன்ன கணத்தில் பொறுப்பு உங்கள் நிரலிடமிருந்து சர்வருக்குக் கைமாறுகிறது.

ஆகவே எந்தப் படியில் முறிந்தது என்று பார்த்தால் போதும். 220-யே வரவில்லையா? சர்வர் பெயர், போர்ட், ஃபயர்வால், நெட்வொர்க் இவற்றில் ஒன்று. 535-ஆ? பாஸ்வேர்டு விவகாரம். 530 என்றால் பாஸ்வேர்டையே கொடுக்கவில்லை, அல்லது என்கிரிப்ஷன் இல்லாமல் வந்திருக்கிறீர்கள். பெறுபவர் பெயர் சொன்ன இடத்தில் 550 அல்லது 553 வந்தால் முகவரி தவறு, அல்லது அந்த சர்வர் வழியாக அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை. 552 பெரும்பாலும் அளவு மிஞ்சியதைச் சொல்லும். கடிதம் முழுவதும் போன பிறகு 554 வந்தால் உள்ளடக்கமோ நீங்கள் இருக்கும் ஐபி முகவரியோ சர்வருக்குப் பிடிக்கவில்லை.

எண்ணோடு வரும் ஆங்கில வாக்கியத்தையும் விடாமல் படியுங்கள். ஒவ்வொரு சர்வரும் தன் இஷ்டத்துக்கு எழுதினாலும் பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிடும். சில சமயம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு சுட்டியே இருக்கும்.

535 வருகிறது. ஆனால் பாஸ்வேர்டு சரிதான், பிரவுசரில் அதையே போட்டால் திறக்கிறதே!

நம்புகிறேன். பாஸ்வேர்டு சரியாகவே இருந்தும் 535 வருவது இப்போது சர்வசாதாரணம். காரணம், பெரிய மெயில் சேவைகள் மூன்றாம் நபர் நிரல்களிடமிருந்து வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டன. கூகுள் தனிநபர் அக்கவுண்டுகளுக்கு 2022 மே 30-ஆம் தேதியோடு அதை மூடியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் அக்கவுண்டுகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் மூடியது. பத்து வருடமாக ஓடிய நிரல் ஒரு காலையில் நின்றுபோனதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கிறது, பலருக்கும்.

வழி இரண்டு. முதல் வழி ஓஆத். நிரலின் செட்டிங்ஸில் ‘ஆதென்டிகேஷன் மெத்தட்’ என்ற இடத்தில் ‘ஓஆத்2’ என்று தேர்ந்தெடுத்தால், பிரவுசர் போல ஒரு ஜன்னல் திறக்கும். அங்கே வழக்கம்போல் உள்நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. பாஸ்வேர்டு நிரலிடம் தங்காது. கவனியுங்கள், வாங்கும் பக்கம் ஓஆத் என்று மாற்றிவிட்டு அனுப்பும் பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். முதல் கேள்வியில் சொன்ன அதே இரட்டைக் கதவு.

இரண்டாவது வழி ஆப் பாஸ்வேர்டு. ஓஆத் தெரியாத பழைய நிரல்களுக்காக கூகுள், யாஹூ போன்ற சேவைகள் தனியாக உருவாக்கித் தருவது. கூகுளில் இது 16 எழுத்து, இருபடிச் சரிபார்ப்பை ஆன் செய்திருந்தால்தான் கிடைக்கும். திரையில் நான்கு நான்கு எழுத்தாக இடைவெளி விட்டுக் காட்டுவார்கள்; நிரலில் போடும்போது இடைவெளி இல்லாமல் போடுவது பாதுகாப்பு. இன்னொன்று: உங்கள் கூகுள் அக்கவுண்டின் முக்கியப் பாஸ்வேர்டை மாற்றினால் ஏற்கனவே எடுத்த ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். ‘நான் எதையுமே மாற்றவில்லை’ என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால் போன வாரம் பாஸ்வேர்டு மாற்றியது வெளியே வரும்.

மைக்ரோசாஃப்டின் தனிநபர் அக்கவுண்டுக்கு ஓஆத் தெரிந்த நிரல்தான் தேவை. உங்கள் பதிப்பில் அந்தத் தேர்வே இல்லை என்றால் நிரலைப் புதுப்பிப்பதைத் தவிர நேர்வழி கிடையாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சில சர்வர்களுக்கு யூசர்நேம் என்றால் முழு மெயில் முகவரி. சிலவற்றுக்கு ‘அட்’ குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும். முழு முகவரியை முதலில் முயலுங்கள்.

போர்ட் 25, 465, 587. எதைப் போடுவது?

587, கூடவே என்கிரிப்ஷனுக்கான தேர்வில் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’. அல்லது 465, கூடவே ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’. இந்த இரண்டு ஜோடிகளில் உங்கள் சேவை சொல்வதைப் போடுங்கள். 25-ஐ விட்டுவிடுங்கள்.

ஏன் இத்தனை என்றால், 25 ஆதியில் எல்லாவற்றுக்கும் இருந்த போர்ட். இன்றைக்கு அது ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் பேசுவதற்கு. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அதன் வழியாக ஸ்பேமைக் கொட்டியதால் பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் அதை அடைத்துவிட்டன. பயனர்கள் மெயிலை ஒப்படைப்பதற்கென்றே 587 என்பது 1998-இல் வந்தது. 465-க்கு விசித்திரமான வரலாறு: 1997-இல் பதிவாகி, சீக்கிரமே கைவிடப்பட்டு, ஆனாலும் எல்லோரும் பயன்படுத்திக்கொண்டே இருந்து, 2018-இல் மறுபடி அதிகாரபூர்வமாகப் பரிந்துரைக்கப்பட்டது. வழக்கம் ஜெயித்த இடம்.

சிக்கல் ஜோடியை மாற்றிப் போடும்போது வருகிறது. 465-இல் நிரல்தான் முதலில் என்கிரிப்ஷன் பேச்சைத் தொடங்க வேண்டும். அதற்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று போட்டுவிட்டால், நிரல் சர்வரின் 220 வரவேற்புக்காகக் காத்திருக்கும். சர்வர் நிரல் என்கிரிப்ஷனைத் தொடங்கட்டும் என்று காத்திருக்கும். ‘நீங்க முதல்ல’, ‘இல்ல, நீங்க முதல்ல’ என்று இரண்டும் வாசலிலேயே நிற்கும். ஒரு நிமிடம் போல் ஓடி ‘டைம்டு அவுட்’ என்று வரும். தலைகீழாக 587-க்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் போட்டால் காத்திருப்பு கிடையாது. என்கிரிப்ஷன் பதிலை எதிர்பார்த்த நிரலுக்குச் சாதாரண எழுத்தில் 220 வந்து சேர, உடனே ‘எஸ்எஸ்எல் பதிப்பு தவறு’ என்பது போன்ற பிழை. மெதுவாகத் தோற்கிறதா, சட்டென்று தோற்கிறதா என்பதிலேயே எந்தப் பக்கம் தவறு என்று ஊகித்துவிடலாம்.

வீட்டில் இருந்தால் போகிறது. ஹோட்டல் வைஃபையில், விமான நிலையத்தில் போகவில்லை. ஏன்?

பொது வைஃபைகளில் பிரவுசருக்கான போர்ட்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடைத்துவைப்பது உண்டு. அலுவலக நெட்வொர்க்கிலும் சில விபிஎன்களிலும் இதே கதை. சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது: கமாண்ட் ஜன்னலில் டெல்நெட் என்று அடித்து, இடைவெளி விட்டு சர்வர் பெயர், இன்னொரு இடைவெளி விட்டு 587. திரையில் 220 என்று தொடங்கும் வரி வந்தால் பாதை திறந்திருக்கிறது, கோளாறு உங்கள் செட்டிங்ஸில். ஒன்றும் வராமல் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால் நடுவில் யாரோ அடைத்திருக்கிறார்கள். விண்டோஸில் டெல்நெட் இயல்பாக ஆஃப் ஆகியிருக்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஆன் செய்துகொள்ளலாம். 465-ஐ இப்படிச் சோதித்து 220-ஐ எதிர்பார்க்காதீர்கள், அங்கே மேலே சொன்ன காரணத்தால் மௌனம்தான் சரியான பதில்.

இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் மெயில் சர்வரையே பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு காரணம்: அந்த சர்வர் தன் இணைப்பில் இருப்பவர்களிடம் மட்டும் மெயில் வாங்கும்படி அமைந்திருக்கலாம். வெளியே போனால் கதவு மூடிவிடும்.

‘550 ரிலேயிங் டினைட்’ என்கிறது. ரிலே என்றால் என்ன?

உங்கள் மெயிலை வாங்கி வேறொரு டொமைனுக்குக் கடத்துவது. ஒரு காலத்தில் சர்வர்கள் யார் கொடுத்தாலும் வாங்கிக் கடத்தின. ஸ்பேம்காரர்கள் அந்தப் பெருந்தன்மையை நாசம் செய்தார்கள். அதன் பிறகு ‘நீ யார் என்று சொல், அப்புறம் கடத்துகிறேன்’ என்பது வழக்கமாயிற்று. எஸ்எம்டிபியில் உள்நுழைவதற்கான முறை 1999-இல் வரையறுக்கப்பட்டது.

எனவே இந்தப் பிழை வந்தால் உங்கள் நிரல் உள்நுழையவே இல்லை. கிளாசிக் அவுட்லுக்கில் (விண்டோஸின் பழைய அவுட்லுக்) அக்கவுண்டின் ‘மோர் செட்டிங்ஸ்’ பக்கத்தில், அனுப்பும் சர்வருக்கு ஆதென்டிகேஷன் தேவை என்ற கட்டம் இருக்கும். டிக் அடியுங்கள். தண்டர்பேர்டில் ஆதென்டிகேஷன் மெத்தட் ‘நோ ஆதென்டிகேஷன்’ என்று இருக்கிறதா பாருங்கள். பத்தில் எட்டு தடவை அவ்வளவுதான்.

பிழையே எதுவும் வரவில்லை. மெயில் சும்மா அவுட்பாக்ஸில் கிடக்கிறது.

முதலில் ஆஃப்லைனில் இருக்கிறீர்களா பாருங்கள். கிளாசிக் அவுட்லுக்கில் கீழ்ப்பட்டையில் ‘வொர்க்கிங் ஆஃப்லைன்’ என்று சின்னதாக எழுதியிருக்கும். கை தவறி அழுத்தியதாகத்தான் இருக்கும். தண்டர்பேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘பிறகு அனுப்பு’ என்று எடுத்துக்கொண்டு அவுட்பாக்ஸில் போட்டுவிடும். ஃபைல் மெனுவில் அனுப்பாதவற்றை அனுப்பச் சொன்னால் கிளம்பிவிடும்.

கிளாசிக் அவுட்லுக்கின் ஒரு வினோதம்: அவுட்பாக்ஸில் காத்திருக்கும் மெயில் சாய்ந்த எழுத்தில் இருக்கும். ‘போய்விட்டதா’ என்று ஆர்வத்தில் அதைத் திறந்து பார்த்து மூடினால் எழுத்து நிமிர்ந்துவிடும், பிறகு அது தானாகப் போகாது. திறந்து மறுபடி ‘சென்ட்’ அழுத்த வேண்டும். எட்டிப் பார்த்ததற்குத் தண்டனை.

அட்டாச்மென்டும் காரணமாக இருக்கும். ஒரு பெரிய ஃபைல் வாசலில் சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ள சின்ன மெயில்களும் காத்துக் கிடக்கும். ஜிமெயிலில் வரம்பு 25 எம்பி. பல சர்வர்களில் இதைவிடக் குறைவு. அதோடு, ஃபைல்கள் மெயிலில் போகும்போது எழுத்தாக மாற்றப்படுகின்றன. மூன்று பைட் நான்காகிவிடும். கம்ப்யூட்டரில் 20 எம்பி காட்டும் ஃபைல் வழியில் 27 எம்பி போல் வீங்கியிருக்கும். ‘வரம்புக்குள்தானே இருக்கிறது’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஆஃப்லைனுக்கு மாறுங்கள், சிக்கிய மெயிலை நீக்குங்கள் அல்லது டிராஃப்ட்ஸுக்கு இழுத்துப் போடுங்கள், ஆன்லைனுக்குத் திரும்புங்கள். ஃபைலை டிரைவில் ஏற்றி லிங்க்கை அனுப்புங்கள்.

‘போகவில்லை’ என்று பிழை வந்தது. மூன்று தடவை அழுத்தினேன். எதிர்ப்பக்கம் மூன்றும் போய்ச் சேர்ந்திருக்கிறது!

இது கோளாறுகளிலேயே மானத்தை வாங்குவது. நடப்பது என்னவென்றால், மெயில் முதல் தடவையே எஸ்எம்டிபி வழியாகப் போய்விட்டது. அதன் பிறகு நிரல் ஒரு நகலை ‘சென்ட்’ ஃபோல்டரில் வைக்க, ஐமேப் சர்வரிடம் தனியாகப் போகிறது. தோற்றது அந்த இரண்டாவது வேலை: ஃபோல்டர் பெயர் மாறியிருக்கும், மெயில்பாக்ஸ் நிரம்பியிருக்கும், இணைப்பு அறுந்திருக்கும். பிழைப் பெட்டியை நிதானமாகப் படித்தால் ‘அனுப்பப்பட்டது, ஆனால் நகல் வைக்க முடியவில்லை’ என்ற பொருளில் இருக்கும். யார் படிக்கிறார்கள்?

தண்டர்பேர்டில் அக்கவுண்டின் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ பக்கத்தில் எந்த ஃபோல்டருக்கு நகல் போகிறது என்று சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஜிமெயில் தன் எஸ்எம்டிபி வழியாகப் போகும் மெயிலை அதுவே சென்ட் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும், நிரலை நகல் எடுக்க விடத் தேவையில்லை.

நாற்பது பேருக்கு அனுப்பினால் யாருக்குமே போகவில்லை. தனித்தனியாக அனுப்பினால் போகிறது.

நாற்பதில் ஒரு முகவரி கெட்டிருக்கிறது. பெறுபவர் பெயர் ஒவ்வொன்றுக்கும் சர்வர் 250 சொல்ல வேண்டும் என்றேன் அல்லவா? ஒரே ஒருவருக்கு 550 வந்தாலும் பல நிரல்கள் மொத்தக் கடிதத்தையும் கைவிட்டுவிடும். பிழைப் பெட்டியில் அந்த முகவரி இருக்கும். கடைசியில் ஒட்டிக்கொண்ட கமா, நடுவில் புகுந்த இடைவெளி, ‘காம்’ என்பது ‘கான்’ ஆனது, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். தானாக நிரப்பும் பட்டியலில் பழைய தவறான முகவரி உட்கார்ந்திருந்தால், அதன் அருகில் உள்ள அழிக்கும் குறியை அழுத்தித் தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் இதே கதை.

எண்ணிக்கை வரம்பும் உண்டு. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர். தாண்டினால் ஒரு நாள் வரை காத்திருக்க வேண்டியதுதான், பேரம் இல்லை.

சர்டிஃபிகேட் சரியில்லை என்று எச்சரிக்கிறது. ‘பரவாயில்லை’ என்று போய்விடலாமா?

வேண்டாம். சர்டிஃபிகேட் என்பது சர்வர் தான் யார் என்று காட்டும் அடையாள அட்டை. முதலில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் நல்ல சர்டிஃபிகேட்டும் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று ஆகிவிடும். அடுத்தது சர்வர் பெயர். சொந்த டொமைனுக்குப் பகிர்ந்த ஹோஸ்டிங் வாங்கியவர்கள் தங்கள் டொமைன் பெயரில் சர்வரைப் போட்டிருப்பார்கள், சர்டிஃபிகேட் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அவர்கள் கொடுக்கும் பெயரையே போடுங்கள். மூன்றாவது ஆன்டிவைரஸ். போகும் மெயிலைச் சோதிக்க அது நடுவில் புகுந்து தன் சர்டிஃபிகேட்டை நீட்டும். அந்த மெயில் சோதனையை மட்டும் சற்று நேரம் நிறுத்தி முயன்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் டிஎல்எஸ் (என்கிரிப்ஷன் பேசும் முறை) பதிப்பே காரணமாகலாம். 1.0, 1.1 இரண்டும் 2021-இல் அதிகாரபூர்வமாக ஓய்வுபெற்றன, 1.2-க்குக் கீழே பேச மறுக்கும் சர்வர்கள் இப்போது அதிகம். ஆபீஸ் ஸ்கேனர் திடீரென்று ‘ஸ்கேன் செய்து மெயில் அனுப்பு’ வேலையை நிறுத்திவிட்டதா? இதுவோ, 535 கேள்வியில் சொன்ன பாஸ்வேர்டு மாற்றமோதான். முதலில் அதன் மென்பொருளைப் புதுப்பிக்கப் பாருங்கள்.

மெயில் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் ‘மெயிலர் டேமன்’ என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் உங்கள் நிரல் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. போர்ட்டையும் பாஸ்வேர்டையும் தொடாதீர்கள். தகராறு இரண்டு சர்வர்களுக்கு நடுவில். திரும்பி வந்த கடிதத்தில் புள்ளி வைத்த எண் ஒன்றைத் தேடுங்கள். 5.1.1 என்றால் அப்படி ஒருவர் அங்கே இல்லை. 5.2.2 என்றால் அவருடைய மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, போன் செய்து சொல்லுங்கள். ஜிமெயிலிலிருந்து 5.7.26 வந்தால் உங்கள் டொமைன் உண்மையிலேயே உங்களுடையதுதானா என்று அதற்குச் சந்தேகம்: டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பற்றிய பொதுப் பதிவேட்டில்) எஸ்பிஎஃப், டிகிம் என்ற பதிவுகளை, அதாவது மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகளைச் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார்.

4-இல் தொடங்கி ‘தாமதம்’ என்று மட்டும் சொன்னால் பொறுத்திருங்கள். முன்பின் தெரியாத அனுப்புநரை முதல் தடவை வேண்டுமென்றே திருப்பி அனுப்பி, மறுபடி வருகிறாரா என்று பார்க்கும் சர்வர்கள் உண்டு. ஸ்பேம்காரன் மறுபடி வரமாட்டான் என்ற கணக்கு. உங்கள் சர்வர் நான்கைந்து நாள் வரை தானே விடாமல் முயலும்.

நீங்கள் அனுப்பாத மெயில்கள் கூட்டமாகத் திரும்பி வந்தால் மட்டும் பதற்றப்படலாம். யாரோ உங்கள் முகவரியைப் போலியாகப் போட்டிருக்கலாம். அதைவிட மோசமாக, உள்ளேயே நுழைந்திருக்கலாம். சென்ட் ஃபோல்டரையும் உள்நுழைந்தவர்கள் பட்டியலையும் பார்த்துவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

எதுவும் சரியாகவில்லை. உதவி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

‘மெயில் போகவில்லை’ என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு நான்கு கேள்விதான் வரும். பிழைச் செய்தியை எண்ணோடு முழுதாக நகலெடுங்கள், உங்கள் வார்த்தையில் சுருக்காதீர்கள். எந்த நிரல், எந்தப் பதிப்பு. அனுப்பும் சர்வர் பெயர், போர்ட், என்கிரிப்ஷன், ஆதென்டிகேஷன் நான்கும் இப்போது எப்படி இருக்கின்றன. எப்போதிலிருந்து போகவில்லை, அதற்கு முதல்நாள் என்ன மாறியது. பிரவுசரில் போகிறதா, ஹாட்ஸ்பாட்டில் போகிறதா. செட்டிங்ஸ் பக்கத்தைப் படமெடுத்து இணைப்பது நல்லது. படத்தில் பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரிகிறதா என்று அனுப்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் எப்படி அனுப்புவது, மெயில்தான் போகவில்லையே என்கிறீர்களா? பிரவுசரைத் திறங்கள்.